குருதியின் சாட்சியம்: சாகஸ் நோயறிதலின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நோய்களின் வரலாறு மருத்துவருக்கு மட்டுமே உரிய துறை என்னும் எண்ணம் எம்மிடையே இன்றும் வலுவாக நிலவுகின்றது. இலக்கியத்தையும் சமுதாயத்தையும் பொருளாதார அடித்தளத்தையும் தொடர்புபடுத்தி நோக்கும் பயிற்சி பெற்றோர்கூட, ஆய்வுகூடத்தினுள் நிகழ்வனவற்றைச் சமுதாயத்துக்குப் புறம்பான, தன்னியக்கமுடைய வளர்ச்சியாகவே கொள்வதுண்டு. நுணுக்குக்காட்டிக்கு வர்க்கச் சார்பு கிடையாது என்பது உண்மையே. ஆயின் எவருடைய குருதி அதன்கீழ் வைக்கப்படுகின்றது, என்ன நோக்கத்துக்காக வைக்கப்படுகின்றது, பெறப்படும் விடை எவர் கையிற் சேர்கின்றது என்பன சமுதாய வரலாறு விடைகூற வேண்டிய வினாக்களாகும். ஒட்டுண்ணி நோய்களைப் பிறபொருளெதிரிகளின் துணைகொண்டு இனங்காணும் முறையினை இவ்வினாக்களின் வழிநின்று ஆராய முற்படும் நாம், அதற்குரிய சான்றாக இலத்தீன் அமெரிக்காவின் சாகஸ் நோயைத் தெரிந்துகொள்கின்றோம். இச்சோதனை எத்தனை கைகளுக்கு மாறியது, ஒவ்வொரு கையிலும் என்ன பொருளைப் பெற்றது என்பதற்கு அந்நோயின் வரலாற்றைப்போலத் தெளிவான சான்று பிறிதொன்றை நாம் அறியோம்.

முதலில் முறையின் அடிப்படையைக் கூறிவிடுதல் பொருத்தமாகும். ஒட்டுண்ணி நோயொன்றை இனங்காண்பதற்கான நேர்வழி, அவ்வொட்டுண்ணியையே கண்ணாற் காண்பதாகும். யானைக்கால் நோயைத் தேடி இரவு வேளையில் வீடுவீடாகச் சென்று விரல்நுனியிற் குருதியெடுக்கும் வழக்கத்தை எமது நாட்டுக் கரையோரப் பிரதேச மக்கள் நன்கறிவர். இரவிலேயே அந்நோயின் நுண்புழுக்கள் வெளிக்குருதிக்கு வருவதால் அந்நேரம் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆனால் எல்லா ஒட்டுண்ணிகளும் இவ்வாறு குறித்த வேளையில் வெளிப்படுவதில்லை. சில உறுப்புகளின் இழையங்களுட் சென்று ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும். அவ்வேளைகளில் மருத்துவன் நாடுவது ஒட்டுண்ணியையன்று, அதற்கு எதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரியையே. குருதியின் தெளிந்த நீர்ப்பாயத்தில் அது நீண்டகாலம் நிலைத்திருக்கும். திருடன் மறைந்துவிட்டான், அவனைக் கண்டவரின் வாக்குமூலம் எஞ்சியுள்ளது எனலாம். வாக்குமூலங்களுக்கு இயல்பான பலவீனங்கள் இதற்கும் உண்டு என்பதைப் பின்னர் காண்போம்.

1907 ஆம் ஆண்டு பிறேசிலின் மத்திய இருப்புப்பாதை, மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் உட்பகுதியை நோக்கி நீட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஏற்றுமதிப் பொருளாதாரம் உள்நாட்டைத் துறைமுகங்களோடு பிணைத்துக்கொண்டிருந்த காலம் அது. பாதையமைக்கும் தொழிலாளர் மலேரியாவினால் மடிந்தனர், வேலை நின்றது. தொழிலாளரின் உயிரைவிட வேலையின் தாமதமே ஆட்சியாளரைக் கூடுதலாக வருத்தியது என்று கருத இடமுண்டு. ஒசுவால்டோ குரூஸ், தமது நிறுவகத்தைச் சேர்ந்த கார்லோஸ் சாகஸ் என்னும் இளம் மருத்துவரை லசான்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பினார். புகையிரதப் பெட்டியொன்றே சாகசின் வீடாகவும் ஆய்வுகூடமாகவும் அமைந்தது. அப்பகுதிக் குடிசைகளின் மண்சுவர் வெடிப்புகளிற் பகலில் ஒளிந்திருந்து, இரவில் உறங்குவோரின் முகத்திற் குருதி குடிக்கும் மூட்டுப்பூச்சியினத்து உயிரி ஒன்று உண்டு என்பதை அவருக்கு முதலிற் சுட்டிக்காட்டியவர் இருப்புப்பாதைப் பொறியியலாளர் ஒருவராவர். முகத்தைக் கடிப்பதனால் மக்கள் அதனை நாவிதன் என்ற பொருள்பட 'பார்பேய்ரோ' என்று அழைத்தனர். அப்பூச்சியின் குடலில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்ட சாகஸ், 1909 ஏப்ரல் 14 ஆம் நாள், காய்ச்சலுற்றிருந்த பெரெனிசே என்னும் இரண்டு வயதுச் சிறுமியின் குருதியில் அதனையே கண்டார். தம் ஆசானின் பெயரால் அதற்குத் திரிப்பனோசோமா குரூசி எனப் பெயரிட்டார்.

நோய்க்காரணி, நோய்க்காவி, நோய் ஆகிய மூன்றையும் ஒருவரே கண்டறிந்தமை மருத்துவ வரலாற்றில் அரிதான நிகழ்ச்சி என்று பாராட்டப்படுகின்றது. அது மிகையன்று. ஆயின் சிக்கல் இங்குதான் தொடங்குகின்றது. காய்ச்சலோடு கூடிய முதற்கட்டத்தில், சில வாரங்களுக்கு மட்டுமே குருதியில் ஒட்டுண்ணியைக் காணமுடியும். அதன்பின் அது இதயத்தசையினுள்ளும் உணவுக்கால்வாயின் சுவர்களினுள்ளும் மறைகின்றது. தொற்றுக்குள்ளானோரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழிந்தபின் இதயம் பழுதுறுகின்றது. சிலருக்குக் களமும் பெருங்குடலும் வீங்கிச் செயலிழக்கின்றன. வயலில் நடுவயது உழவன் ஒருவன் திடீரென விழுந்து இறப்பானாயின், குழந்தைப் பருவத்திற் குடிசைச் சுவரிலிருந்து வந்த பூச்சியே அதற்குக் காரணம் என்று நிறுவுவது எங்ஙனம்?

இவ்விடைவெளியை நிரப்பும் முதல் முயற்சி 1913 இல் நடைபெற்றது. குரூஸ் நிறுவகத்தைச் சேர்ந்த குவெரெய்ரோ, மச்சாடோ ஆகிய இருவரும், போர்டே, ஜாங்கூ என்போர் 1901 இல் வகுத்ததும், வாசர்மன் 1906 இற் சிபிலிசு நோய்க்குப் பயன்படுத்திப் புகழ்பெற்றதுமான முறையினைச் சாகஸ் நோய்க்கு ஏற்றவாறு அமைத்தனர். குருதியில் இயல்பாகவே உள்ள நிரப்புப்பொருள், பிறபொருளெதிரி தனக்குரிய ஒட்டுண்ணிப் பொருளோடு இணையும்போது செலவாகிவிடும். சோதனைக்குழாயிற் பின்னர் இடப்படும் செங்குழியங்கள் சிதைந்தால் நிரப்புப்பொருள் எஞ்சியுள்ளது, ஆகவே பிறபொருளெதிரி இல்லை. சிதையாது நின்றால் தொற்று உண்டு. கோட்பாட்டளவிற் செம்மையான முறை இது. ஆனால் ஒட்டுண்ணிப் பொருளாக அவர்கள் பயன்படுத்தியது தொற்றூட்டப்பட்ட நாய்க்குட்டிகளின் மண்ணீரற் சாறு ஆகும். அச்சாற்றின் தரம் ஒருமுறை போல் மறுமுறை அமைவதில்லை. தலைநகர் ஆய்வுகூடமொன்றில் இயலுவது, நோய் நிறைந்திருந்த உட்பகுதிக் கிராமத்தில் இயலாததாயிற்று. சோதனை பிறந்துவிட்டது, அதனை மக்களிடம் கொண்டுசெல்லும் பொருளியல் ஆற்றல் பிறக்கவில்லை.

இக்குறையின் விளைவு வெறும் தொழில்நுட்ப விளைவன்று. லசான்சிற் கண்டக்கழலை உடையோர் மிகப் பலர். அயடீன் பற்றாக்குறையினால் ஏற்படும் அந்நிலையைச் சாகஸ் தாம் கண்ட ஒட்டுண்ணியின் விளைவாகவே விளக்கினார். ஒரே ஊரில், ஒரே வறுமையில், ஒரே உடலிற்கூட இரு நோய்கள் சேர்ந்து வாழும்போது அவற்றைப் பிரித்தறிய வேண்டுமாயின், எவர் ஒட்டுண்ணித் தொற்றுக்குள்ளானவர், எவர் ஆகாதவர் என்பதைத் திட்டமாகக் கூறும் சோதனை வேண்டும். அத்தகைய சோதனை பரவலாகக் கிடைக்காதவிடத்துச் சாகசின் விளக்கம் ஊகமாகவே நின்றது. கழலை மலிந்த இடங்களில் ஒட்டுண்ணி இல்லாமையும், ஆர்ஜென்ரீனாவில் ஒட்டுண்ணி தாங்கிய பூச்சிகள் இருந்தும் சாகஸ் விவரித்த நோய் காணப்படாமையும் எடுத்துக்காட்டப்பட்டன. 1922 இலும் 1923 இலும் பிறேசிலின் தேசிய மருத்துவக் கழகத்தில் இது பெரும் விவாதமாக வெடித்தது. அவ்வேளை சாகஸ் நாட்டின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் தலைவராகவும் இருந்தமையாற் சொந்தப் பகைமைகளும் இதிற் கலந்தன. ஆயினும் விவாதத்தின் உட்பொருளை நோக்குமிடத்து அது தனிமனிதப் பகைமையைக் கடந்தது என்பது புலனாகும். நாட்டின் உட்பகுதி முழுவதும் நோயுற்ற மக்கள் உள்ளனர் என்று கூறுவது தேசத்தை இழிவுபடுத்துவதாகும் எனச் சிலர் சினந்தனர். லசான்சிற்கு வெளியே இந்நோயே இல்லை என்பதுபோலப் பேசப்பட்டது. கமக்காரரின் நோயை ஒப்புக்கொள்வது, அவர்களை மண்குடிசைகளில் வைத்திருந்த நிலவுடைமை முறையை ஒப்புக்கொள்வதாகும் என்பதை அவர்கள் வெளிப்படையாகக் கூறவில்லை. பிறர் நிலத்திற் குடியிருந்து, எவ்வேளையும் வெளியேற்றப்படக்கூடிய ஒருவன் கல்வீடு கட்டமாட்டான், கட்டவும் விடப்படமாட்டான். பூச்சியின் உறைவிடம் சுவரின் வெடிப்பு எனின், வெடிப்பின் உறைவிடம் உற்பத்தி உறவுகளாகும்.

சாகஸ் 1934 இல் இறந்தார். அடுத்த ஆண்டே ஆர்ஜென்ரீனாவிற் செசீலியோ ரொமாஞா, ஒரு பக்கக் கண்ணிமை வீங்குவதை முதற்கட்டத் தொற்றின் அடையாளமாக நிறுவினார். வட ஆர்ஜென்ரீனாவின் வறிய மாகாணங்களிற் சல்வடோர் மாசா, ஓடும் புகையிரதப் பெட்டியையே ஆய்வுகூடமாக்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரைக் கண்டறிந்தார். மாண்டதாகக் கருதப்பட்ட நோய் மீண்டும் உயிர்பெற்றது. ஆயினும் இவை பெரும்பாலும் முதற்கட்ட நோயாளரைப் பற்றியன. நீண்டகால நோய் வெளிப்படுவதற்கு இரு கருவிகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. 1936 இற் கெல்சர் என்பார், நாய் மண்ணீரலுக்குப் பதிலாகச் செயற்கை வளர்ப்பூடகத்தில் வளர்த்த ஒட்டுண்ணிகளைப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். 1943 இல் மினாஸ் ஜெராயிசின் பாம்புயீ என்னுமிடத்தில் எம்மானுவேல் டயசின் தலைமையில் ஓர் ஆய்வுநிலையம் எழுந்தது. அங்கே குருதிச் சோதனையும் இதய மின்வரைவும் ஒரே மக்களிடத்தில் அருகருகே மேற்கொள்ளப்பட்டன. பிறபொருளெதிரி உடையவர்களின் இதயங்களிற் குறிப்பிட்ட வகைப் பழுதுகள் மீண்டும் மீண்டும் தோன்றின. லறஞ்சாவும் டயசும் உடன் ஆய்வாளரும் 1956 இல் வெளியிட்ட பெருங்கட்டுரை இத்தொடர்பை ஐயமற நிலைநாட்டியது. முப்பதாண்டுகளுக்கு முன் மருத்துவக் கழகத்தில் மறுக்கப்பட்டதை, மறுத்தவர்களின் மொழியிலேயே, அதாவது எண்களாலும் வரைவுகளாலும், கிராமத்து உழவனின் குருதி மெய்ப்பித்தது. 1950 இல் ஊபெராபாவிற் பூச்சிகொல்லி தெளிக்கும் முதல் இயக்கம் தொடங்கியிருந்தமையும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இதுவரை கூறியதைக் கொண்டு, விஞ்ஞானம் முன்னேற மக்களும் பயன்பெற்றனர் என்று முடித்துவிடலாம். தாராளவாத வரலாற்றாசிரியர் பலர் அவ்வாறே முடிப்பர். நாம் அவ்வாறு முடிக்க இயலாமைக்குக் காரணம், இச்சோதனை கிராமத்தை விட்டு நகரத்துக்குச் சென்றபோது அடைந்த மாற்றமாகும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மினாஸ் ஜெராயிசிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மக்கள் சாவோ பாவுலோவின் தொழிற்சாலைகளை நோக்கித் திரண்டனர். நிலம் அவர்களைத் தள்ளியது, மூலதனம் ஈர்த்தது. அவர்களது குருதியில் ஒட்டுண்ணியும் உடன் சென்றது. பிறேசிலிற் குருதி அப்போது விலைக்கு வாங்கப்படும் பண்டமாகவும் இருந்தது. வேலையற்றோர் அதனையும் விற்றனர். 1949 இற் பெலோ ஒரிசோந்தே நகரிற் குருதி வழங்குவோரிடையே தொற்றுடையோர் இருப்பதைப் பெலெக்ரீனோ பிறபொருளெதிரிச் சோதனையாற் காட்டினார். 1952 இற் சாவோ பாவுலோவிற் பெத்றெய்ரா த பிறெய்தாசும் உடன் ஆய்வாளரும் குருதிமாற்றீட்டினால் நோய் பரவிய முதல் நிகழ்ச்சிகளை வெளியிட்டனர். கிராமக் குடிசையின் நோய் இப்போது நகர மருத்துவமனையின் கட்டிலுக்கு வந்துவிட்டது. குருதிவங்கிகளிற் சோதனைக்கு ஏற்பட்ட அவசரம் அதற்கு முந்திய நாற்பதாண்டுகளில் ஏற்படாமை கவனிக்கத்தக்கது. 1953 இல் விக்டர் நுசென்சுவைக்கும் உடன் ஆய்வாளரும் சேமித்த குருதியில் ஜென்சியன் வயலெட் என்னும் சாயத்தைச் சேர்த்து ஒட்டுண்ணியை ஒழிக்கும் வழியைக் கண்டனர். பயனுள்ள முறையே அது. எனினும் போத்தலிலுள்ள குருதி தூய்மையாயிற்று. அதை விற்றவன் தன் தொற்றினைத் தன் உடலிலேயே கொண்டு வீடு திரும்பினான். குருதி வணிகம் 1988 ஆம் ஆண்டு அரசியலமைப்பினாலேயே முற்றாகத் தடைசெய்யப்பட்டது. வழங்கப்படும் குருதியைச் சாகஸ் நோய்க்குச் சோதிப்பதை அவ்வாண்டின் சட்டமொன்று கட்டாயமாக்கியது.

குருதிவங்கியை அடுத்துச் சோதனை தொழிற்சாலை வாயிலை அடைந்தது. வேலைக்குச் சேர்ப்பதற்கு முந்திய மருத்துவப் பரிசோதனையிற் சாகஸ் பிறபொருளெதிரியைத் தேடுவது பிறேசிலிலும் ஆர்ஜென்ரீனாவிலும் பரவலான வழக்காயிற்று. சோதனையில் விடை 'உண்டு' எனின் வேலை இல்லை. இங்கு நாம் சற்றுத் தாமதித்து நோக்குதல் வேண்டும். முன்னர் கூறியதுபோல் தொற்றுடையோரிற் பெரும்பான்மையோர் ஆயுள் முழுவதும் இதயப்பழுது இன்றியே வாழ்வர். தொற்றின் முதல் நோயாளியாகிய பெரெனிசேயே எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தார். 1962 இலும் 1978 இலும் அவரது உடலிலிருந்து அதே ஒட்டுண்ணி மீண்டும் பிரித்தெடுக்கப்பட்டும் அவர் அதனால் இறக்கவில்லை. அருகிலிருந்து வேலைசெய்வோருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. பிறபொருளெதிரி கூறுவது ஒன்றே: இவ்வுடல் என்றோ ஒருநாள் இவ்வொட்டுண்ணியைச் சந்தித்தது. இவன் நோயாளி என்றோ, உழைக்க இயலாதவன் என்றோ அது கூறுவதில்லை. முதலாளி அதனை அவ்வாறு வாசித்தான். உழைப்புச் சக்தியைப் பண்டமாக வாங்குபவன், வருங்காலத்திற் பழுதுபடக்கூடிய பண்டத்தைத் தள்ளிவிட விரும்பினான். வேலை தேடுவோர் வரிசை நீளமாயிருந்த காலத்தில் அத்தள்ளுதல் செலவற்றதுமாயிருந்தது. ஒடுக்கப்பட்டோரின் துயருக்குச் சாட்சியாய் நின்ற அதே குருதி, அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாற்றப்பட்டது.

இவ்வாசிப்பிற் பிறிதொரு தவறும் அடங்கியிருந்தது. திரிப்பனோசோமாவும், கறுப்புக்காய்ச்சலையும் தோற்புண்களையும் விளைவிக்கும் லெய்ஷ்மானியாவும் நெருங்கிய உறவினங்கள். பிறேசிலின் பல பகுதிகளில் இரண்டும் உண்டு. ஒன்றுக்கு எதிராக எழுந்த பிறபொருளெதிரி மற்றதன் சாற்றோடும் இணைந்துவிடும். தீங்கற்ற திரிப்பனோசோமா றாஞ்செலி என்னும் இன்னோர் உறவினமும் இக்குழப்பத்தை விளைவிக்கக்கூடும். ஒரே குடும்பத்துச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தெரிந்தோர்க்கு இது விளங்காத செய்தியன்று. பொதுவான சொற்களைக் கொண்டு சுவடியின் மூலத்தை முடிவுசெய்தல் ஆகாது, அச்சுவடிக்கே உரிய வேறுபாட்டைத் தேடுதல் வேண்டும். 1959 இல் ஒளிரும் சாயமுறை, 1960களிற் செங்குழிய ஒட்டுத்திரள் முறை, 1970களின் நடுவில் நொதியத்தோடு பிணைத்த முறை எனச் சோதனைகள் அடுத்தடுத்துக் கூர்மையடைந்தன. ஒட்டுண்ணியின் முழுச் சாற்றை விடுத்து, அதற்கே உரிய தனிப்புரதத் துண்டுகளைப் பயன்படுத்தும் முறைகள் பின்னர் தோன்றின. வேறுபட்ட தத்துவங்களில் அமைந்த இரு சோதனைகள் ஒத்துக்கூறினாலன்றித் தொற்று உண்டெனக் கொள்ளலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதியாயிற்று. தொழிற்சாலை வாயிலில் ஒரே சோதனையின் விடையைக் கொண்டு எத்தனை பேர் திருப்பியனுப்பப்பட்டனர் என்பதை எந்த ஆய்வுகூடமும் கணக்கெடுத்ததில்லை.

இதனைக் கண்டு சோதனையையே ஆளும் வர்க்கத்தின் கருவி எனத் தள்ளிவிடும் போக்கு எமக்கு உடன்பாடன்று. கொச்சை மார்க்சியம் அவ்வாறு பேசும். 1975 இலிருந்து 1980 வரை பிறேசிலில் நடைபெற்ற தேசிய ஆய்வு அதற்கு மறுப்பாகும். 1964 இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்தின் காலம் அது. 1970 ஏப்ரலிற் குரூஸ் நிறுவகத்தின் பத்து விஞ்ஞானிகளின் அரசியல் உரிமைகளைப் பறித்து அவர்களை வெளியேற்றிய ஆட்சியும் அதுவே. அவர்களுள் ஒருவரான ஹேர்மன் லென்ற், சாகஸ் நோய் பரப்பும் பூச்சிகளை வகைப்படுத்துவதில் உலகின் முதன்மை அறிஞராவர். அத்தகைய ஆட்சியின் கீழ்த்தான் கிராமந்தோறும் சென்று, வடிதாளில் விரற்குருதித் துளிகளைச் சேகரித்து, ஒளிரும் சாயமுறையாற் சோதித்தனர். பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட துளிகள் சேர்ந்தன. கிராமப்புற மக்களில் 4.2 சதவீதத்தினர் தொற்றுடையோர் என்பது முடிவாயிற்று. மினாஸ் ஜெராயிசும் றியோ கிறாண்டே தோ சுல் மாநிலமும் முதலிடம் பெற்றன. ஒரு சிற்றூரின் நோய் என்று ஏளனம் செய்யப்பட்டதற்கு இதைவிட முழுமையான மறுமொழி இருக்கமுடியாது. 1983 இலிருந்து பூச்சியொழிப்பு நாடளாவிய இயக்கமாயிற்று. 1991 இல் தென் அமெரிக்காவின் தென்பகுதி நாடுகள் கூட்டாக அதனை மேற்கொண்டன. 2006 இல், வீடுகளில் வாழும் முதன்மைப் பூச்சியினால் நோய் பரவுதல் பிறேசிலில் நின்றுவிட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. முதலாளியின் மேசையில் வேலைமறுப்புக்குக் காரணமாயிருந்த அதே சோதனை, வடிதாளிற் பரவலாகச் சென்றபோது அரசைச் செயற்பட வைக்கும் ஆவணமாயிற்று. வேறுபாடு வேதியியலில் இல்லை. விடை எவருக்குக் கூறப்பட்டது என்பதில் உள்ளது. ஆர்ஜென்ரீனாவில் 2007 ஆம் ஆண்டின் 26.281 ஆம் இலக்கச் சட்டம், வேலை தேடுவோரிடம் சாகஸ் நோய்க்கான குருதிச் சோதனை செய்வதைத் தடைசெய்தது.

நோய் எல்லை கடந்தபோது இதே வரலாறு வேறு அளவிற் மீண்டது. ஐக்கிய அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் துப்புரவு செய்தும் முதியோரைப் பேணியும் உழைக்கும் பொலிவியரும் மத்திய அமெரிக்கரும் தம் உடலில் ஒட்டுண்ணியைக் கொண்டுசென்றனர். அந்நாடுகளிற் பிறபொருளெதிரிச் சோதனை முதலில் நுழைந்த இடமும் குருதிவங்கியே. ஸ்பெயினில் 2005 இலும், ஐக்கிய அமெரிக்காவிற் 2007 இலும் அது தொடங்கியது. குடியேறிய தொழிலாளியின் இதயத்துக்காக அது தொடங்கவில்லை. உலகிற் தொற்றுடையோர் 60 முதல் 70 இலட்சம் வரை எனக் கணிக்கப்படுகின்றனர். அவர்களிற் பத்தில் ஒருவர்கூடத் தமக்குத் தொற்றுண்டு என அறியார்.

மருந்துகள் உண்டு, 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வந்த இரண்டே மருந்துகள் அவை. குழந்தைகளில் அவை நன்கு பயன்தருகின்றன. வயதுவந்தோரிற் பயன்தந்தனவா என்பதை அறிவதற்குப் பிறபொருளெதிரியை நம்பமுடியாது. ஒட்டுண்ணி அழிந்தபின்னும் அது பல்லாண்டுகள் குருதியில் நிலைக்கும். கர்ப்பவதியின் பிறபொருளெதிரி குழந்தைக்கும் செல்வதால், பிறந்து பத்து மாதமளவும் குழந்தையின் குருதி கூறுவது தன் கதையையா தாயின் கதையையா என்று பிரித்தறிய இயலாது. 2001 இலிருந்து 2008 வரை பிறேசிலின் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 105,000 குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். 32 பேரிலேயே தொற்று உறுதியாயிற்று. அவர்களில் 20 பேரின் தாய்மாருக்கும் தொற்று இருந்தது. அக்குழந்தைகள் சுவர்ப்பூச்சியினாலன்றிக் கருவிலேயே தொற்றைப் பெற்றிருந்தனர் எனக் கருதப்பட்டது. இன்னும் சில குழந்தைகளின் குருதியில் முதற் சோதனை காட்டியது தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி மட்டுமே. குழந்தையைச் சோதிக்க வந்தவர்கள், எவரும் அதுவரை சோதித்திராத தாயின் நோயைக் கண்டறிந்து சென்றனர்.